காற்று எந்தப் பக்கம்? யாழ்ப்பாணக் கடலில் முதன்முறை கயாக் இறக்குபவர்களுக்கு

நல்லூர்க் கொடியேற்றத்தோடு ஊர் நிறையத் தொடங்கும். லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வருவார்கள். கோயிலும் உறவினர் வீடுகளும் முடிந்த பிறகு ஒரு நாள் காரைநகர் கசூரினாவுக்குப் போவது வழக்கம். அந்தப் பயணத்தோடு இப்போது கயாக்கும் சேர்ந்துவிட்டது. சிலர் வாடகைக்கு எடுக்கிறார்கள், சிலர் காற்றடிக்கும் ரப்பர்க் கயாக்கைப் பயணப் பெட்டியிலேயே மடித்துக்கொண்டு வருகிறார்கள். போய்ப் பார்த்தால் கடல் அசையாமல் கிடக்கும். இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போகும். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எனக்கு அந்த மாதத்தில் அந்தக் கரைதான் பயம். கசூரினா வடக்குப் பார்த்த கரை. ஆடி, ஆவணியில் வீசுவது சோளகம். அது தென்மேற்கிலிருந்து வந்து, தரையைக் கடந்து, கடலை நோக்கிப் போகும் காற்று. கரையோரச் சவுக்கு மரங்களின் மறைவில் நின்றால் அதன் வேகம் தெரியாது. தரையிலிருந்து கிளம்பும் காற்றுக்கு அலையை வளர்க்கத் தூரம் இல்லாததால் கரையோரத் தண்ணீரும் சமமாகவே இருக்கும். சில நூறு மீற்றர் வெளியே போகும்வரை துடுப்பு வலிப்பது மிகச் சுலபம், ஏனென்றால் வேலையில் பாதியைக் காற்றுச் செய்கிறது. திரும்பும்போதுதான் கதை மாறும். முகத்தில் காற்று, கைகளில் களைப்பு, பின்னால் பாக்கு நீரிணை. அந்தத் திசையில் அடுத்த கரை இந்தியாவின் கோடியக்கரைப் பக்கம், ஐம்பது கிலோமீற்றருக்கு மேல்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வேறு நாட்டுக் கடலில் நடந்த ஒரு மீட்பிலிருந்து என்று சொல்வேன். 1993 மார்ச் 22ஆம் தேதி, இங்கிலாந்தின் தெற்குக் கரையில் லைம் வளைகுடாவில் நடந்தது அது. பிளிமத் நகரப் பள்ளி ஒன்றின் எட்டு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களோடு லைம் ரீஜிஸ் என்ற ஊரிலிருந்து பக்கத்திலுள்ள சார்மத் வரை கரையோரமாகக் கயாக்கில் போகப் புறப்பட்டார்கள். மூன்று கிலோமீற்றர் அளவுத் தூரம்தான். காற்றுத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது, திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர் எட்டு மாணவர்களையும் கயாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டமாக நிற்க வைத்தார். நின்ற இடத்திலேயே அவர்கள் வெளிக்கடலுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு குழுவும் ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்துக்குப் பிரிந்தன. வெளியே போகப் போக அலை பெரிதானது. உட்காரும் குழியை மூடும் துணி கயாக்குகளில் இல்லை, தண்ணீர் உள்ளே நிறைந்தது, ஒவ்வொருவராகக் கடலில் விழுந்தார்கள். ஆபத்தை அறிவிக்கத் தீச்சுடரும் இல்லை, வானொலிக் கருவியும் இல்லை. நண்பகலுக்குத் திரும்பவேண்டியவர்களைப் பற்றிக் கடலோரக் காவலுக்குத் தகவல் போனது பிற்பகல் மூன்று மணிக்கு மேல். மீட்பவர்கள் வந்து எல்லோரையும் தூக்கியபோது நான்கு மாணவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தப் பயணத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவர் சிறைக்குப் போனார். 1995இல் பிரிட்டன் சிறுவர்களுக்கான சாகசப் பயிற்சி நிலையங்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. விபத்துக்கு முன்பே, அங்கே வேலை செய்து விலகிய இரண்டு பயிற்றுநர்கள் பாதுகாப்புப் போதாது என்று தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள் என்பதும் வழக்கில் வெளிவந்தது.

இந்தக் கதையைப் படிக்கிற பலரும் குளிர்நீரைத்தான் காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். உயிரை எடுத்தது குளிர்தான், உண்மை. எங்கள் கடலில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் குளிர் வேலை செய்யும் அளவுக்கு அவர்களை நீரில் விட்டுவைத்தது, கரையில் வைத்தே எடுத்த நாலைந்து முடிவுகள். அவை ஒவ்வொன்றும் யாழ்ப்பாணத்திலும் அப்படியே எடுக்கப்படக் கூடியவை. அந்த ஒழுங்கிலேயே கீழே போகிறேன்.

மாதமும் கரையும்

கயாக்கைத் தெரிவுசெய்ய முன் கரையைத் தெரிவுசெய்யுங்கள். கரையைத் தெரிவுசெய்ய மாதம் தெரிய வேண்டும்.

வைகாசி கடைசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம். இந்தக் காலத்தில் வடகரை முழுவதும், அதாவது கசூரினா, கீரிமலை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை எல்லாமே தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும் கரைகள். புதியவர் அங்கே கயாக் இறக்கக் கூடாது. வேலணையின் சாட்டிக் கரை தெற்குப் பார்த்தது, அங்கே சோளகம் உங்களைக் கரைக்கே தள்ளும். அலை கொஞ்சம் இருக்கும், நனைவீர்கள், பார்ப்பதற்குக் கசூரினாவைவிட முரடாகத் தெரியும். ஆனால் கைவிட்டால் போய்ச் சேரும் இடம் மணல்.

மார்கழி, தை, மாசியில் எல்லாம் தலைகீழ். வாடையும் கொண்டலும் வடக்கு, கிழக்குப் பக்கங்களிலிருந்து வரும். வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுகிற காலம். அப்போது வடகரையில் அலை கரையை நோக்கி உடையும். பருத்தித்துறைப் பக்கம் கரையோரத்தில் முருகைக்கல் பாறைகள் இருப்பதால் அங்கே கரைக்குத் தள்ளப்படுவதும் நல்லதல்ல. சாட்டியோ இந்தக் காலத்தில் வெளித்தள்ளும் கரையாகிவிடும். ஆவணியில் பாதுகாப்பாக இருந்த இடம் என்று தையில் அங்கே போய் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கரை அதேதான், காற்று மாறிவிட்டது.

பங்குனியும் சித்திரையும்தான் பழகுவதற்கு ஏற்ற மாதங்கள். காற்றுக் குறைவு. சித்திரைப் பின்னேரங்களில் இடியோடு மழை வரலாம் என்பதால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல்களும் தாழமுக்கங்களும் வரும், அந்த நேரம் கடற்றொழிலாளர்களே வீட்டில் இருப்பார்கள். அவர்கள் போகாத நாளில் நீங்கள் போக ஒரு காரணமும் இல்லை.

கடல்நீரேரியைப் பலர் குளம் மாதிரி நினைக்கிறார்கள். பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் இடையில் ஆழம் குறைவுதான், பல இடங்களில் எழுந்து நிற்கலாம். முதல் சில முறைகளுக்கு அது மிக நல்ல இடம். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, களங்கட்டி, சிறகுவலை என்ற மீன்பிடி அமைப்புகள். நட்டுவைத்த தடிகளுக்கும் வலைக்கும் இடையில் கயாக் போய்ச் சிக்கினால் உங்களுக்கும் ஆபத்து, வலைக்காரருக்கும் நட்டம். சுற்றிப் போங்கள், மேலே ஏறிப் போகாதீர்கள். இரண்டாவது, வீதிப் பாலங்களின் கீழுள்ள கண்கள். பண்ணையிலும் பொன்னாலையிலும் வேலணை–புங்குடுதீவு வீதியிலும் வற்றுப் பெருக்கு மாறும்போது நீர் முழுவதும் அந்த ஒடுக்கமான வழிகளால்தான் போய்வர வேண்டும். வெளியே அசையாத தண்ணீர் அங்கே ஆறாக ஓடும். பாலத்தின் கீழே புகுந்து போவது படத்துக்கு அழகு, பழகாதவருக்கு வேண்டாம். மூன்றாவது, திருக்கை. ஆழம் குறைந்த மணலில் கயாக்கை இழுத்துக்கொண்டு நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடவுங்கள், அது விலகிப் போய்விடும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் பாதை என்ற மிதவைப் படகு ஓடும் நீர்வழியும், குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் போகும் வழியும் புதியவர்களுக்கு இல்லை. கடற்கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இரண்டாம் வருடம் பார்க்கலாம்.

காலையில் கேட்க வேண்டியது

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையை வானொலியில் எல்லோரும் கேட்டிருப்போம். “புத்தளத்திலிருந்து மன்னார், காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரையான கடற்பிராந்தியம்” என்று வருவதுதான் எங்கள் பகுதி. பின்னால் காற்றின் திசையும் வேகமும் சொல்வார்கள். “மணித்தியாலத்துக்கு 30 முதல் 40 கிலோமீற்றர்” என்று சோளகக் காலத்தில் அடிக்கடி கேட்கிற வரி பழகிப்போய் யாருடைய காதிலும் ஏறுவதில்லை. கயாக் கணக்கில் அது மிகப் பெரிய காற்று. புதியவருக்கான எல்லை மணிக்கு 19 கிலோமீற்றர், அதாவது கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரியும் அளவு. இருபதைத் தாண்டி எங்கு பார்த்தாலும் நுரை தெரிந்தால் அது உங்கள் நாள் இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திலிருந்து இருபதுக்கு ஏறுவது எண்ணில்தான் சின்ன விஷயம்.

செயலிகளில் மணிவாரியாகக் காற்றுப் பார்க்கலாம், பாருங்கள். ஆனால் கடைசிச் சொல் கரையில் வலை தைத்துக்கொண்டிருப்பவருடையது.

“அண்ணை, இண்டைக்குக் காத்து எப்பிடி?”

“விடிய ஒண்டும் இல்லைத் தம்பி. பத்து மணிக்கு மேல எழும்பும். அதுக்கு முன்னம் வந்திடுங்கோ.”

இந்த இரண்டு வரி உரையாடலுக்கு இரண்டு பயன். ஒன்று அந்த இடத்துக்கே உரிய தகவல். மற்றது, நீங்கள் கடலில் இருக்கிறீர்கள் என்று இப்போது அவருக்குத் தெரியும். எங்கள் கரைகளில் முதலில் உதவிக்கு வரப்போவது பெரும்பாலும் அவரும் அவருடைய படகும்தான். விடியற்காலை ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதுக்குள் ஏறிவிடுவது வெயிலுக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது.

காற்றின் திசையை உங்கள் கண்ணாலும் பாருங்கள். மர மறைவில் நின்று பார்க்காதீர்கள். தண்ணீரில் முழங்காலளவு இறங்கி, கரையைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். காற்று முகத்தில் பட்டால் அது கடலுக்குப் போகிறது. அன்றைக்குக் கயாக்கை வாகனத்திலேயே விட்டுவிட்டுக் குளித்துவிட்டு வாருங்கள்.

கயாக், அங்கி, மற்றவை

முதல் கயாக் மேலே உட்காரும் வகையாக இருக்கட்டும். கவிழ்ந்தால் அதில் தண்ணீர் நிறைய இடமில்லை, திருப்பிப் போட்டு ஏறிவிடலாம். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை வேகமானது, ஆனால் இடுப்போடு சேர்த்து மூடும் துணியும் அதைக் கழற்றி வெளியே வரும் பழக்கமும் இல்லாமல் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. லைமில் நிறைந்தவை அவைதான். மேலே உட்காரும் கயாக்கிலும் ஒரு பொறி உண்டு: பின்பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் அடைப்பான். அது இல்லாமலோ தளர்வாகவோ இருந்தால் வெளியே தெரியாமல் உள்வயிறு நிறையும். கயாக் மந்தமாகி, பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கிய பிறகுதான் உங்களுக்கு விளங்கும். வாடகைக் கயாக்காக இருந்தால் அடைப்பானைக் கையால் முறுக்கிப் பாருங்கள், வெடிப்பு இருக்கிறதா என்று அடிப்பக்கத்தையும் பாருங்கள். கொடுப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

காற்றடிக்கும் ரப்பர்க் கயாக் கடல்நீரேரியின் கரையோரத்துக்கு மட்டும். அது பாரமில்லாமல் தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்பதால் காற்று அதைத் தன் விருப்பத்துக்குக் கொண்டுபோகும்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, போடுங்கள். காலுக்குக் கீழே வைத்திருக்கும் அங்கியை விழுந்த பிறகு கடலில் போட்டுக்கொள்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். பட்டிகளை எல்லாம் பூட்டிய பிறகு வேறொருவரைத் தோளில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி நாடிக்கு மேலே போனால் அளவு பெரிது. படகுப் பயணிகளுக்குக் கொடுக்கும் செம்மஞ்சள் நிறத் தடித்த அங்கி கையை வீசித் துடுப்பு வலிக்க விடாது, அதனால் பாதி வழியில் கழற்றத் தோன்றும். அக்குள் பக்கம் அகலமாக வெட்டிய, கயாக்குக்கென்று செய்த அங்கியைத் தேடுங்கள்.

அங்கியிலேயே கட்டிவைக்க வேண்டியவை: ஒரு விசில், நீர்புகா உறைக்குள் முழுச் சார்ஜோடு கைபேசி, ஒரு சின்ன முகக்கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எங்கள் வெயிலில் அதன் வெளிச்சம் கிலோமீற்றர் கணக்கில் தெரியும், மின்கலம் தேவையில்லை. இவற்றைக் கயாக்கின் பெட்டிக்குள் வைத்தால் கயாக் போகும்போது கூடவே போய்விடும். கயாக்கில் இருக்க வேண்டியவை ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு ஜீவனிப் பக்கற், பத்து மீற்றர் கயிறு. தொப்பி, நீளக் கை சேட். சேட் பளிச்சென்ற செம்மஞ்சளோ மஞ்சளோ என்றால் நல்லது. நீலமும் வெள்ளையும் கடலில் காணாமல் போகும் நிறங்கள்.

கரையில் ஒருவர்

லைமில் நடந்தவற்றில் என்னை அதிகம் உறுத்துவது அந்த மூன்று மணித்தியாலம். திரும்ப வேண்டிய நேரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது கடந்தால் யார், எத்தனை மணிக்கு, யாருக்குச் சொல்வது என்பது மட்டும் ஒருவர் கையிலும் இல்லை. “கொஞ்சம் பார்ப்போம், வந்துவிடுவார்கள்” என்பது எல்லா ஊரிலும் சொல்லப்படுகிற வார்த்தை. எங்கள் ஊரில் இன்னும் கூடுதலாகச் சொல்லப்படும். பொலிசுக்குச் சொன்னால் பிரச்சினை, சனம் சிரிக்கும், அம்மா பயப்படுவா என்று ஆயிரம் காரணம் வரும்.

ஆகவே கடலுக்குப் போகாத ஒருவரைக் கரையில் வையுங்கள். அவரிடம் வட்ஸ்அப்பில் இதை எழுதி அனுப்புங்கள்: எத்தனை பேர், பெயர்கள், கயாக்கின் நிறம், இறங்கிய இடம், போகும் திசை, திரும்பும் நேரம். கடைசியாக ஒரு நேரம். “ஒன்பது மணிக்கு வருவோம். ஒன்பதரைக்கு எங்கள் போன் கிடைக்காவிட்டால் 119” என்று எழுதிவிட வேண்டும். அந்த நேரம் வந்தால் அவர் யோசிக்கத் தேவையில்லை, எடுப்பது மட்டும்தான் வேலை. காங்கேசன்துறையில் கடற்படையின் வடக்குக் கட்டளைத் தலைமையகம் இருக்கிறது, பொலிஸ் அவர்களுக்குத் தகவல் கொடுக்கும். அதே நேரத்தில் அந்த இடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னால் அதைவிட விரைவாக ஒரு படகு இறங்கக்கூடும். இரண்டையும் செய்ய வேண்டும். கரையில் நிற்பவர் தானே இன்னொரு கயாக்கை எடுத்துக்கொண்டு தேடப் போகக் கூடாது. தேட வேண்டியவர்களின் தொகைதான் கூடும்.

அழைப்பில் சொல்ல வேண்டிய ஒன்றைப் பலர் மறக்கிறார்கள்: காற்றுத் திசை. “கசூரினாவில் இறங்கினார்கள், காற்றுத் தென்மேற்கிலிருந்து” என்றால் தேடுபவர்கள் வடகிழக்கே பார்ப்பார்கள். துடுப்பு வலிக்காத கயாக் நல்ல காற்றில் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றர் நகரும். இரண்டு மணித்தியாலம் தாமதித்தால் தேட வேண்டிய பரப்பு எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கவிழ்ந்து பழகுவது

துடுப்பு வலிப்பதை விட இதைத்தான் முதலில் பழக வேண்டும். நெஞ்சளவுத் தண்ணீரில், காற்றில்லாத காலையில், பக்கத்தில் ஒருவர் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள்.

விழுந்தவுடன் முதல் வேலை கயாக்கைப் பிடிப்பது, இரண்டாவது துடுப்பைப் பிடிப்பது. ஆளில்லாத கயாக் நூலறுந்த பட்டம். சில விநாடியில் கைக்கெட்டாத தூரம் போய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது. பிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. பிறகு தலைகீழாகக் கிடக்கும் கயாக்கின் நடுவுக்கு வந்து, அடிப்பக்கத்துக்கு மேலால் கையை நீட்டி மறுபக்கத்துப் பிடியைப் பற்றி, உங்கள் உடற்பாரத்தால் பின்னுக்குச் சாய்ந்து திருப்புங்கள்.

ஏறும்போது எல்லோரும் செய்யும் தவறு, கால்கள் கயாக்குக்குக் கீழே தொங்க, கையால் மட்டும் மேலே இழுப்பது. கயாக் மறுபடியும் உங்கள் மேலேயே கவிழும். முதலில் கால்களைப் பின்னால் உதைத்து உடம்பைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவாருங்கள். அந்த உதையோடு வயிற்றுப் பக்கம் இருக்கைக்குக் குறுக்கே விழும்வரை முன்னுக்குப் போங்கள். அங்கே ஒரு மூச்சு விடுங்கள். பிறகு புரண்டு இருக்கையில் உட்காருங்கள். கடைசியாகத்தான் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். வயிறு, இருக்கை, கால் என்று ஒழுங்கை வாய்விட்டுச் சொல்லியே பழகலாம்.

இரண்டு பேராகப் போகும்போது மற்றவர் தன் கயாக்கை உங்கள் கயாக்குக்குப் பக்கத்தில் எதிர்த்திசை பார்த்து நிறுத்தி, இரண்டு கையாலும் உங்கள் கயாக்கின் விளிம்பைத் தன் பாரம் முழுவதும் போட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். நீங்கள் மறுபக்கத்தால் ஏறுவீர்கள். உள்ளே உட்காரும் வகையாக இருந்தால் ஏற முன்னம் தண்ணீரை வடிக்க வேண்டும். உதவுபவர் கவிழ்ந்த கயாக்கின் அணியத்தை, அதாவது முன்முனையை, தன் கயாக்கின் மேல் குறுக்காக இழுத்து ஏற்றினால் குழியிலிருக்கும் நீர் கொட்டிவிடும், பிறகு திருப்பிப் போடலாம். விழுந்தவர் இதற்கிடையில் உதவுபவரின் கயாக்கைப் பிடித்தபடியே இருக்க வேண்டும், எதையும் பிடிக்காமல் ஒரு கணமும் நீரில் இருக்கக் கூடாது.

களைத்திருக்கும்போது ஏற முடிகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. ஒரு மணித்தியாலம் துடுப்பு வலித்துவிட்டு வந்து திரும்பக் கவிழுங்கள். அப்போதும் உதவியில்லாமல் ஏற முடிந்தால் இருநூறு மீற்றர் வெளியே போகலாம். முடியாவிட்டால் நிற்கக்கூடிய ஆழத்தைத் தாண்ட வேண்டாம்.

கடலில் இருக்கும்போது

முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்றுக் கொண்டுவரட்டும். எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு. குழுவின் வேகம் மிக மெதுவானவரின் வேகம். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்தால் கடைசி ஆளின் முகம் தெரிய வேண்டும்.

ஒருவர் முதல்முறை கவிழ்ந்தால், ஏற்றிவிட்ட பிறகு எல்லோரும் கரைக்குத் திரும்புங்கள். மற்றவர்கள் தொடர்ந்து போக அவர் மட்டும் ஒருவரோடு திரும்புவது என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். லைமில் குழு இரண்டானதும் ஒருவர் கவிழ்ந்த பிறகுதான்.

கயாக்குகளைச் சேர்த்துப் பிடித்துக் கூட்டமாக நிற்பது நல்ல உத்திதான், யாரும் கவிழ மாட்டார்கள், களைத்தவர் மூச்சு வாங்கலாம், போன் பேசலாம். ஆனால் அது நங்கூரம் இல்லை. கரையில் இரண்டு அடையாளங்களை, சொல்லப்போனால் ஒரு பனையையும் அதற்குப் பின்னாலுள்ள கோபுரத்தையும், ஒரே கோட்டில் பிடித்துப் பாருங்கள். கோடு விலகினால் நீங்கள் பக்கவாட்டில் நகர்கிறீர்கள். கரையில் நிற்கும் மனிதர் சிறுத்துக்கொண்டே போனால் வெளியே போகிறீர்கள். கூட்டத்தில் பலமான ஒருவர் கயிற்றைக் கட்டிக் கரைப்பக்கம் வலித்துக்கொண்டே இருக்க வேண்டும், முன்னேறாவிட்டாலும் பின்னேறுவது குறையும்.

காற்று வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் உடனே திரும்புங்கள், இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். உடம்பை முன்னுக்குச் சாய்த்துச் சின்னதாக்குங்கள். துடுப்பைத் தாழ்வாகப் பிடித்துக் குறுகிய வீச்சாக, நிறுத்தாமல் வலியுங்கள். இறங்கிய இடத்துக்கே போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். எந்தக் கரை சுலபமாக எட்டுமோ அங்கே ஏறி, செருப்பில்லாமல் வீதியால் நடந்து வரலாம்.

பத்து நிமிடம் முழுப் பலத்தோடு வலித்தும் கரை நெருங்கவில்லை என்றால், கையில் பலமும் போனில் சார்ஜும் இருக்கும்போதே உதவி கேளுங்கள். 119ஐ எடுங்கள், கரையில் இருப்பவருக்கு இருப்பிடத்தை அனுப்புங்கள். படகு கண்ணில் பட்டால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலே தூக்கித் தூக்கி இறக்குங்கள், அது கடலில் ஆபத்துக்கான சைகை. ஒரு கையை வேகமாக ஆட்டினால் தூரத்திலிருந்து பார்ப்பவர் நீங்கள் வணக்கம் சொல்வதாக நினைத்துத் திரும்ப ஆட்டிவிட்டுப் போவார். விசிலை இடைவெளி விட்டு விட்டு ஊதுங்கள், கண்ணாடியைப் படகின் பக்கம் பிடியுங்கள். என்ன ஆனாலும் கயாக்கை விட்டுக் கரைக்கு நீந்த முயலாதீர்கள். கரை இருப்பதைவிடக் கிட்டத் தெரியும். தேடுபவர்களுக்குத் தலையைவிடக் கயாக்தான் கண்ணில் படும்.

எங்கள் நீரில் குளிர் ஒன்றும் செய்யாது என்று இருந்துவிடவும் முடியாது. நீர் உடற்சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக எடுக்கும். மணிக்கணக்கில் நனைந்தபடி காற்றில் இருந்தால், முக்கியமாகப் பொழுதுபட்ட பிறகு, நடுக்கமும் தடுமாற்றமும் வரும். முடிந்தவரை உடம்பை நீருக்கு வெளியே, கயாக்கின் மேல் வைத்திருங்கள். பகலிலோ நேர்மாறான ஆபத்து: வெயிலும் தாகமும். தண்ணீரை மிச்சம் பிடிக்காமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

படகு வந்துசேரும்போது அவசரப்பட்டுப் பின்பக்கமாக ஏறப் போகாதீர்கள், இயந்திரத்தின் விசிறி அங்கேதான். ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்திச் சொல்லும்வரை காத்திருந்து, பக்கவாட்டால் ஏறுங்கள். முதலில் ஆட்கள். கயாக்குகளை இழுக்க நேரமில்லை என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

மூச்சில்லாமல் ஒருவர் கொண்டுவரப்பட்டால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள், தலைகீழாகத் தூக்கவும் வேண்டாம். நேரம் வீணாவதோடு வயிற்றிலுள்ளது மூச்சுக்குழாய்க்குள் போகும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது அமுக்கல், இரண்டு மூச்சு என்று தொடருங்கள். இன்னொருவர் 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கேட்கட்டும். இதைக் கற்றுத் தரும் முதலுதவி வகுப்பு ஒன்றுக்குக் கயாக் வாங்கும் முன்பே போய்விடுவது நல்லது.

எழுந்து நடந்து சிரித்துப் பேசுபவராக இருந்தாலும், தண்ணீர் உள்ளே போய் இருமிக்கொண்டே இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துப் படுத்தால் சரியாகிவிடும் என்று விடக் கூடாது. சில மணித்தியாலத்துக்குப் பிறகு மூச்சுத் திணறல் கூடலாம். திருக்கை குத்தியிருந்தால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும், முள் ஆழமாக இருந்தால் அதை இழுக்காமல் வைத்தியரிடம் விடுங்கள்.

மீட்டவருடைய மண்ணெண்ணெய்க் காசைக் கேட்காமலே கொடுங்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், அப்படியும் கொடுங்கள், அன்றைய தொழிலை விட்டுத்தான் வந்திருக்கிறார். அப்புறம் 119க்கு எடுத்தவரே திரும்ப எடுத்து எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் கடற்படை தேடிக்கொண்டே இருக்கும். கயாக் ஏதாவது கடலில் விடப்பட்டிருந்தால் அதன் நிறத்தையும் எங்கே விட்டீர்கள் என்பதையும் அதே அழைப்பில் சொல்லுங்கள். மறுநாள் அதை வெறுமையாகக் காணும் ஒரு றோலர்க்காரரோ வள்ளக்காரரோ ஆள் காணவில்லை என்று இன்னொரு தேடுதலைத் தொடங்கிவிடாமல் இருக்கும். சங்கத்திலும் சொல்லிவையுங்கள், பெரும்பாலும் கயாக்கைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து தருவது அவர்கள்தான்.